காதுக் கருவிகள்: ஐந்து யூரோவும் இருபது யூரோவும்

லாச்சப்பல் பகுதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவேளை, எம்மிடம் முன்னர் தமிழ் பயின்ற மாணவி ஒருவரின் தாயார் எம்மை மறித்து, "மாஸ்டர், உங்களிட்டை ஒரு விசயம் கேக்கவேணும்" என்றார். பிள்ளையின் பரீட்சை பற்றியதாக இருக்கும் என்று எண்ணி நின்ற எமக்கு, அவர் கைப்பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டியது வயர் அறுந்த காதுக் கருவி ஒன்று. ஊரிலுள்ள மாமியாருடன் கிழமைக்கு மூன்று நாள் வட்ஸ்அப்பிற் கதைப்பவர் அவர். கடைவாசலில் ஐந்து யூரோவுக்குத் தொங்கும் கருவியை வாங்குவதா, இருபது யூரோவுக்கு வாங்குவதா, பிள்ளைகள் நச்சரிப்பதுபோல் இருநூறு யூரோவுக்கு வாங்குவதா என்பதே அவரது வினா. "விலைக்கேத்த சத்தம் வருமோ மாஸ்டர்?" என்று அவர் கேட்டபோது எம்மிடம் விடை இருக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லும் பழக்கத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டோமாகையால், ஒரு கிழமை தவணை கேட்டோம். அத்தவணையின் பயனே இவ்வாரப் பத்தி.

முதலில் இந்த வினா எம் வீடுகளில் எழுந்த காரணத்தைச் சொல்லவேண்டும். பிரான்சில் விற்கப்படும் கைத்தொலைபேசியோடு, தலைக்கு அருகே கருவியை வைத்துக் கதைப்பதைக் குறைக்கும் பொருட்டு, காதிற் செருகும் கருவி ஒன்றும் வழங்கப்படவேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. பிள்ளைகளின் நலனே அதன் நோக்கம். அப்பிள் நிறுவனம் 2020 ஒக்ரோபரில் ஏனைய நாடுகளில் ஐபோன் பெட்டிகளிலிருந்து இக்கருவியை நீக்கியபோதும் பிரான்சில் நீக்க இயலாது போனமைக்கு இச்சட்டமே காரணம். 2021 நவம்பரில் வந்த புதிய சட்டம் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதன்பின் பெட்டிகள் மெலிந்தன. நாம் கடைகளுக்கு நடந்தோம். இலவசமாய் வந்தபோது எவரும் அதன் ஒலியைப் பற்றிச் சிந்தித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இக்கருவியின் உள்ளே இருப்பது யாது? ஒரு சிறு காந்தம், மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள், அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்னோட்டம் சுருளிற் பாயும்போது சவ்வு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. 1979 யூலையில் சோனி நிறுவனம் யப்பானில் வோக்மன் கருவியை விற்பனைக்கு விட்டபோது அதனோடு வந்த தலைக்கருவியிலும், இன்று ஐந்து யூரோவுக்குத் தொங்குவதிலும் தத்துவம் ஒன்றே. இன்று பெரும்பாலானவற்றின் சவ்வு 6 முதல் 10 மில்லிமீற்றர் அகலமே உடையது. இச்சிறு உறுப்பைச் செய்வதற்கு ஆகும் செலவு மிகவும் குறைந்துவிட்டது. விலையை உயர்த்துவன பெரும்பாலும் வேறு விடயங்கள்: மின்கலம், வெளிச்சத்தத்தை அடக்கும் நுட்பம், பெட்டி, பெயர்.

இதனை நாமாகச் சொல்லவில்லை. யெரூன் பிறீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 காதுக் கருவிகளையும் தலைக்கருவிகளையும் அளந்து, தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை அவை ஒலியை வெளியிடும் விதத்துக்கும் அவற்றின் விற்பனை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2017இல் அமெரிக்க ஒலியியற் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். விலை கூடியது கெட்டது என்பது இதன் பொருளன்று. விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிக்க இயலாது என்பதே பொருள். அப்படியாயின் காதினாலேதான் பார்க்கவேண்டும்.

நாம் நான்கு கருவிகளை மேசையில் வைத்தோம். ஐந்து யூரோவுக்கு வாங்கிய, காதுத்துளையை அடைக்கும் வகைக் கருவி ஒன்று. இருபது யூரோவுக்கு வாங்கிய சீனத் தயாரிப்பு ஒன்று. இதுவும் துளையை அடைப்பதே. இருபத்தைந்து யூரோவுக்கு வாங்கிய, வயர் இல்லாத புளூரூத் கருவி ஒன்று. நான்காவது, பழைய தொலைபேசிப் பெட்டியோடு வந்து இழுப்பறையிற் கிடந்த வெண்ணிறக் கருவி. இது துளையை அடைப்பதில்லை, காதின் வாசலில் அமர்ந்திருக்கும். பரீட்சகர்கள் நாமும், எம் துணைவியாரும், பதினேழு வயதான எம் இளைய மகளும். கேட்பதற்கு எடுத்துக்கொண்டவை மூன்று: யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவில் ஒலிப்பதிவு ஒன்று, ஊரிலிருந்து துணைவியாரின் தமக்கையார் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்செய்தி ஒன்று, 1993இல் எம் தாயார் எமக்கு அனுப்பிய ஒலிநாடா, அண்மையில் கணினியிற் பதிந்து தொலைபேசிக்கு மாற்றியது.

இத்தகைய பரீட்சையில் ஏமாறுவது மிக எளிது. இரு கருவிகளில் ஒன்று சற்று உரத்து ஒலித்தால், அதுவே நல்லது என்று மனம் தீர்ப்பளித்துவிடும். ஒலி குறையும்போது எம் காதுக்குத் தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் முதலில் மங்குவதை பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே அளந்து வெளியிட்டனர். எனவே ஒவ்வொரு முறையும் தமக்கையாரின் குரல் ஒரே அளவிற் கேட்கும்வரை ஒலியைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்த பின்னரே தொடங்கினோம். கண்ணைத் துணியாற் கட்டியும் பார்த்தோம். ஆனால் காதுக்குள் நுழையும்போதே எது எதுவென்று தோல் அறிந்துவிடுகிறது. ஆகவே முற்றிலும் பாரபட்சமற்ற பரீட்சை என்று இதனைக் கொள்ளவேண்டாம்.

முதற் பாடம் கருவியைப் பற்றியதன்று, அதன் நுனியிலுள்ள மெத்தென்ற சிலிக்கோன் குமிழைப் பற்றியது. துளையை அடைக்கும் வகைக் கருவிகளோடு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவிற் குமிழ்கள் வரும். எம்மவர் பலர் பெட்டியிலிருந்து வந்தபடியே நடுத்தரத்தை அணிந்துகொண்டு, மற்றவற்றைக் குப்பையிற் போட்டுவிடுகின்றனர். துணைவியாருக்கு அக்குமிழ் பொருந்தவில்லை. இருபது யூரோக் கருவியில் தவிலின் இடப்பக்கம், கழியால் அடிக்கும் அந்தக் கனத்த முழக்கம், அறவே இல்லை என்றார். சிறிய குமிழை மாற்றியதும், "இப்பத்தான் கோயில் வீதியிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். குமிழுக்கும் தோலுக்கும் இடையே சிறு நீக்கல் இருந்தாலும் தாழ்ந்த ஒலியெல்லாம் அதன்வழியே கசிந்துவிடும். வாங்கிய கருவி கூடாது என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகுமுன் குமிழை மாற்றிப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாக. ஐந்து யூரோக் கருவி தவிலை அள்ளிக் கொட்டியது. இடப்பக்க முழக்கம் வேண்டியதற்கும் மேலாக வந்து காதை நிரப்பிற்று. கூடு மாட்டிய விரல்கள் வலப்பக்கத்தில் எழுப்பும் கணீரென்ற சொற்கள் மட்டும் அம்முழக்கத்துள் அமிழ்ந்துபோயின. பிள்ளைகள் விரும்பும் இன்றைய பாடல்களுக்கு இது போதும். ஆனால் தமக்கையாரின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்டது. இடக்காதிலும் வலக்காதிலும் ஒலி ஒரே அளவாகவும் இல்லை. வயர் முனையிற் செருகி சேருமிடம் இரண்டாம் நாளே தளரத் தொடங்கிற்று.

மனிதக் குரல் தெளிவாய்க் கேட்பதற்கு வேண்டியது முழக்கமன்று. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுரங்களில் உள்ளது. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் கூறுகள் பெரும்பாலும் 1500 ஹேர்ட்ஸ் அதிர்வுக்கு மேலேதான் கிடக்கின்றன. லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் வெளிப்படுவது. (ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு இதனால் என்ன நட்டம் என்று எம் நண்பர் ஒருவர் கேலி செய்தார். அது வேறு வழக்கு.) சகரம் இன்னும் மேலே. பழைய கம்பித் தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே கடத்தியது. அதனாற்றான் பெயரொன்றைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டி வந்தது. தாழ்ந்த முழக்கத்தைப் பெருக்கும் கருவி இந்த நடுப்பகுதியை மூடிவிடுகிறது. மலிவுக் கருவிகளின் தலையாய குறை இதுவே என்பது எம் கருத்து. கடையில் நின்று ஒரு நொடி கேட்பவரை மயக்குவதும் இதே முழக்கந்தான்.

வெண்ணிறப் பழைய கருவி இதற்கு நேர்மாறு. தவில் அதில் மேளமாகவே இல்லை, தகரம். ஆனால் தமக்கையாரின் குரல் எதிர்க் கதிரையில் இருந்து கதைப்பதுபோல் இருந்தது. காது அடைபடாமையால் தம் குரலும் தமக்கு இயல்பாகக் கேட்கிறது. துளையை அடைத்துக்கொண்டு கதைப்பவருக்குத் தம் குரல் தலைக்குள் முழங்கும். வீட்டின் அமைதியிற் கதைப்பதற்கு இவ்வகையை வெல்ல எதுவும் இல்லை. மெற்றோவுக்குள் இறங்கினாலோ கதை முடிந்தது. வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வர, அதனை வெல்ல ஒலியைக் கூட்டுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

புளூரூத் கருவி எமக்கு ஒரு வியப்பைத் தந்தது. பாட்டுக் கேட்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கருவியிற் தொலைபேசி அழைப்பை எடுத்தவுடன் ஒலி சுருங்கிவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. கேட்பது மட்டும் நடக்கும்போது புளூரூத் ஒரு வழியைப் பாவிக்கிறது. ஒலிவாங்கியும் சேர்ந்து இயங்கவேண்டி வந்தால் வேறொரு வழிக்கு மாறிவிடும். அந்த இரண்டாம் வழியில் ஒலி நொடிக்கு 16,000 மாதிரிகளாக மட்டுமே எடுக்கப்படுகிறது. பழைய முறையில் 8,000 மட்டுமே. இசைத்தட்டில் இது 44,100. 2020இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூரூத் முறை இக்குறையைத் தீர்க்கக்கூடியது. ஆனால் தொலைபேசி, கருவி இரண்டும் அதனை அறிந்திருக்கவேண்டும். கதைப்பதற்கென்றே வாங்குபவர் மலிவு விலையில் வயர் உள்ளதை வாங்குவதே நன்று. மின்னேற்ற மறந்தும் நிற்காது. ஒற்றைக் காது தொலைந்தும் போகாது.

வயர் உள்ளதை வாங்குமுன் தொலைபேசியின் துளையைப் பாருங்கள். 3.5 மில்லிமீற்றர் வட்டத்துளை பல தொலைபேசிகளில் இப்போது இல்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய கைத்தொலைபேசிகள் யூஎஸ்பி-சி என்னும் நீள்வட்டத் துளையால் மின்னேற்றத்தக்கனவாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அத்துளைக்கென்றே செய்த வயர்க் கருவிகள் இருபது யூரோவுக்குள் கிடைக்கின்றன.

இருபது யூரோக் கருவியைக் கடைசியில் வைத்தமைக்குக் காரணம், எம் தாயாரின் ஒலிநாடா.

1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைப்பொருட்கள். மிதிவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, அதன் தைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது என்பதை வாசகர்களிற் பலர் அறிவர். அவ்வாறு இயக்கிய ஒலிப்பதிவுக் கருவியிலேதான் எம் தாயார் 1993இல் எமக்கு நாற்பது நிமிடம் கதைத்தார். கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் ஏறி, அந்நாடா பாரிஸ் வந்து சேர்ந்தது. சுற்றுபவரின் கை தளர்ந்த இடங்களில் அம்மாவின் குரல் குழந்தையின் குரல்போல் உயரும்; மீண்டும் வேகம் பிடித்த இடங்களில் குரல் தளர்ந்து தாழும். கிணற்றில் நீர் வற்றியது, முருங்கை காய்த்தது, அயலவர் இன்னார் இடம்பெயர்ந்தது என்பனவே செய்தி. முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கில்லை.

இருபது யூரோக் கருவியில் அந்நாடா எமக்கு ஏமாற்றமாகவே இருந்தது. உயர்ந்த சுரங்களைச் சற்றுக் கூர்மையாக்கித் தரும் கருவி அது. தவிலின் வலப்பக்கச் சொற்களை உரித்துக் காட்டிய அதே கூர்மை, நாடாவின் இரைச்சலையும் உரத்துக் காட்டுகிறது என்றார் துணைவியார். எமக்கு அந்த இரைச்சலே பெரிதாய்க் கேட்கவில்லை. பிறகு மகள் அணிந்தார். முதற்பக்கத்தின் முடிவுக்கு வந்ததும் நிறுத்தி, "அப்பா, இதிலை ஆர் 'அம்மா காணும், கை நோகுது' எண்டு சொல்லுறது?" என்று கேட்டார்.

அப்படி ஒரு குரல் அந்நாடாவில் இருப்பதாக நாம் அறிந்ததேயில்லை. நாமும் அணிந்து கேட்டோம், கேட்கவில்லை. மகள் கருவியின் இடப்பக்கத்தைக் கழற்றி, எம் வலக்காதில் வைத்தார். அப்போது கேட்டது. மிதியைச் சுற்றிக்கொண்டிருந்த எம் தம்பியின் குரல். அவன் 1996இல் எம்மை விட்டுப் போனவன். அவன் குரல் பதிந்த பொருள் எதுவும் எம் வீட்டில் இல்லை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம்.

ஐந்து யூரோக் கருவியிலும் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தோம். மகளுக்கும் கேட்கவில்லை, முழக்கம் மூடிவிட்டது. வெண்ணிறக் கருவியில் தெருச் சத்தம் மூடிவிட்டது. இரவு பதினொரு மணிக்குமேல், வீதி அடங்கியபின் அதிலும் மெல்லக் கேட்டது.

அதனோடு வேறொன்றும் வெளியாயிற்று. பரீட்சைக்கு இருந்தவை கருவிகள். தோற்றது எம் இடக்காது. 1987இல் அருகே விழுந்த ஷெல்லுக்குப் பின்னர் அக்காதில் ஓர் இரைவு உண்டு. வயதோடு அது பழகிப்போய், தொலைபேசியிற் கதைப்பவர்கள் தெளிவாய்க் கதைப்பதில்லை என்று அவர்களையே குறை கூறிவந்தோம். பெருஞ்சத்தத்தாற் பழுதுறும் காது முதலில் இழப்பது 4000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலிகளையே. வைத்தியரிடம் சென்றோம், அவர் வரைந்து தந்த கோட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளம். எம் வயதொத்த வாசகர்களுள் ஷெல் வீச்சுக்கும் குண்டு வீச்சுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள், காதுக் கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒருமுறை காது வைத்தியரிடம் போய்வருவது நல்லது. செலவுக்கு அஞ்சவேண்டாம். 2021 சனவரி முதல், முதலாம் வகுப்புச் செவிப்புலன் கருவிகளுக்கு, அடிப்படைக் காப்புறுதியோடு துணைக் காப்புறுதியும் உள்ளவர்கள், அல்லது வருமானம் குறைந்தோர்க்கான அரச துணைக் காப்பு உள்ளவர்கள், கையிலிருந்து எதுவும் கட்டவேண்டியதில்லை. இருபது வயதுக்கு மேற்பட்டோருக்கு இவ்வகைக் கருவியின் விலை காதொன்றுக்கு 950 யூரோவை மிஞ்சக்கூடாது என்று வரம்பும் உண்டு. வாங்குமுன் குறைந்தது 30 நாள் அணிந்து பார்க்கும் உரிமையும் உண்டு. வைத்தியரின் சீட்டு முதலில் வேண்டும்.

பிள்ளைகள் விடயத்தில் ஒரு கணக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி 80 டெசிபெல் அளவில் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் ஆனால் 4 மணி நேரந்தான். பத்து டெசிபெல் என்பது தொலைபேசித் திரையில் விரலின் ஒரு சிறு நகர்வு. பிரான்சில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், கையிற் கொண்டுசெல்லும் இசைக்கருவிகள் 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்றது; தாண்டாதிருப்பதே பாதுகாப்பு என்று எவரும் கொள்ளக்கூடாது. மெற்றோவிலும் பேருந்திலும் கேட்கும் பிள்ளைக்குத் துளையை அடைக்கும் வகையே பொருத்தம். வெளிச்சத்தம் அடங்கிவிட்டால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. தெருவைக் கடக்கும்போது கழற்றச் சொல்லுங்கள்.

மாணவியின் தாயாருக்கு எம் விடை இது: மாமியாருடன் வீட்டிலிருந்து கதைப்பதற்குத் துளையை அடைக்காத வயர்க் கருவி ஒன்று, பத்து முதல் இருபது யூரோவுக்குள். இருநூறு யூரோ வேண்டாம். ஐந்து யூரோவும் வேண்டாம். ஆண்டுக்கு நான்கு வாங்கினால் அதுவும் இருபதுதான். மாமியாருக்கும் ஒன்று வாங்கி அனுப்புங்கள். அவர் பக்கத்து ஒலிவாங்கி சரியில்லையென்றால் உங்கள் பக்கத்தில் எதை மாட்டியும் பயனில்லை.

பழைய ஒலிநாடாக்களைக் கணினியிற் பதிவது எப்படி என்று சென்ற மாதம் வாசகர் இருவர் எழுதிக் கேட்டிருந்தனர். இழுத்தடித்தோம், மன்னிக்கவும். அடுத்த வாரம் அதனை எழுதுவோம். அதுவரை நாடாக்களை வெயில்படும் இடத்திலும் ஒலிபெருக்கிக்கு அருகிலும் வைக்காதீர்கள்.